ரய்யான்: ஸ்கிரீனிங் வேலைக்கு நம்பி எடுக்கலாம்

ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்கிறவர்கள் பெரும்பாலும் மூச்சுத் திணறும் இடம் ஸ்கிரீனிங்தான். பப்மெட், எம்பேஸ் என்று மருத்துவக் கட்டுரைத் தளங்களில் தேடி அள்ளிய ஆயிரக்கணக்கான ஆய்வுச் சுருக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, வேண்டும், வேண்டாம் என்று பிரிக்க வேண்டும், எக்செல்லில் அதைச் செய்வது பெரிய கொடுமை. கத்தாரில் உருவான ரய்யான் என்ற இணையக் கருவி இந்த ஒரு வேலையை நன்றாகவே செய்கிறது, அதுவும் இலவசக் கணக்கிலேயே நிறைய முடிகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வண்ணம். நாம் கொடுக்கும் சொற்களில் வேண்டிய 'ரேண்டமைஸ்டு' பச்சையிலும் வேண்டாத 'ரேட்ஸ்' (எலிகள்) சிவப்பிலும் மின்னும், எலியை வைத்துச் செய்த ஆய்வைப் படிக்காமலேயே தள்ளிவிடலாம். பிளைண்ட் ஆன் செய்துவிட்டால் கூட இருப்பவர் என்ன முடிவெடுத்தார் என்று தெரியாது, ஆஃப் செய்ததும் முரண்பட்டவை தனியாக வந்து நிற்கும், அப்புறம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதுதான். (சண்டையும் வரும், சரி, அதற்குத்தான் மூன்றாவது ஆள்.)

ஒரே கட்டுரை இரண்டு தளங்களிலிருந்து வந்திருந்தால் அதையும் காட்டும், ஆனால் எதை நீக்குவது என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். எந்த ஆய்வு வேண்டியதாக இருக்கும் என்று நட்சத்திரம் போட்டு அது சொல்லும் ஊகத்தைப் படிக்கும் வரிசைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி ஆய்வுகளை ஒதுக்காதீர்கள்.

பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸுக்கு ரெவ்மேன் மாதிரி வேறொரு மென்பொருள் வேண்டும். ரிவ்யூ திட்டத்தைப் புராஸ்பெரோ என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்வதையும் ரய்யானைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.