அணை மட்டம், சீரியல், கேம்: ஒரே மேசையில் மூன்று வேலைகள்

கேரள எல்லையை ஒட்டிய தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மூன்று வகையாக எழுதிப் பிழைக்கிறேன். காலையில் முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம், பிற்பகலில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய பத்தி, இரவில் வீடியோ கேம் விமர்சனம். உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இதைச் சொன்னால் நடுவில் உள்ளதற்குத்தான் மரியாதை. நடிகர் நடிகைகளை நேரில் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலாவது சில்லறை வேலை என்றும் மூன்றாவது சிறுபிள்ளை வேலை என்றும் பலர் நினைக்கிறார்கள். மூன்றையும் ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு: எழுதியதில் தவறு இருந்தால் அதை யார், எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறார்?

உள்ளூர்ச் செய்தியில் அதற்குக் காலை டீ நேரம் போதும். அணைச் செய்தி பார்வைக்கு நான்கு எண்கள்தான்: அடியில் நீர்மட்டம், வினாடிக்கு இத்தனை கன அடி என்று நீர்வரத்தும் வெளியேற்றமும், மில்லியன் கன அடியில் இருப்பு. ஒருநாள் இரவு அவசரத்தில் வரத்தையும் வெளியேற்றத்தையும் இடம் மாற்றி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஏழு மணிக்குள் பக்கத்து ஊரான கூடலூர் விவசாயி ஒருவர் கைபேசியில் வந்தார். "தம்பி, இம்புட்டுத் தண்ணி திறந்திருக்காங்கன்னு போட்டிருக்கீங்க. எங்க வாய்க்கால்ல கணுக்கால்கூட நனையலையே, அது எந்தப் பக்கம் போச்சு?" என்று நிதானமாகக் கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. நாற்றங்காலில் விதை போடுவதா, ஒரு வாரம் பொறுப்பதா என்பதை அவர் முடிவு செய்வது நான் அனுப்பும் எண்ணைப் பார்த்துத்தான். திருத்தம் மறுநாள் பதிப்பில் வந்தது. அதற்குள் நான் பஸ் நிலையத்து டீக்கடையில் நான்கு பேருக்குப் பதில் சொல்லி முடித்திருந்தேன்.

இதே எண் மலைக்கு மேலே வேறு பொருள் கொள்கிறது. 1886-இல் கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகையின்படி 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். இயக்குவதோ தமிழ்நாட்டின் நீர்வளத் துறை. 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. மட்டம் 136 அடியைத் தொடும் நாளில் எங்கள் பக்கத் தலைப்பில் 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்று வரும். எல்லை ஊரான குமுளியைத் தாண்டி, அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் வண்டிப்பெரியாறு பக்கம் அன்றைக்கே 'முதல் எச்சரிக்கை'. இரண்டுமே உண்மை. இரண்டையும் அறிந்தவன் எழுதும் செய்தியில் ஒரு வரியாவது கூடுதலாக இருக்கும். அந்த ஒரு வரியைச் சென்னையில் இருந்து எழுத முடியாது. ஊதியத்தைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் கடைசி. குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கும் பெட்ரோலுக்குக்கூடச் சில மாதங்களில் கட்டுவதில்லை.

தொலைக்காட்சியும் உள்ளூர்ச் செய்தியும் ஒரே தெருவில் முட்டிக்கொண்டதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, மே 27 அன்று கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. தமிழ், மலையாளம் என இரண்டு மொழிச் சேனல்களும் நேரலை போட்டன. யானை ஒரு தோப்பில் அசையாமல் நின்றாலும் நேரலைக்கு நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அதனால் நடந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் எங்களிடம் கேட்டது வேறு: காய்கறிச் சந்தை திறக்குமா, எந்தத் தெருவில் போகக் கூடாது, ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகள் நாளை ஓடுமா? ஜூன் 5 அன்று யானையைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோன பிறகு, சேனல் வண்டிகள் போய்விட்டன. இடையில் ஒரு துணை ஆசிரியர் 'அரிக்கொம்பன்' என்பது எழுத்துப் பிழை என்று நினைத்து 'அரிசிக்கொம்பன்' ஆக்கினார். மலையாளத்தில் அரி என்றாலே அரிசிதான். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. ஆகவே அவர் செய்ததைத் திருத்தம் என்பதைவிட மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும், அதையும் வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

தொலைக்காட்சி விமர்சனத்தில் நிலைமை தலைகீழ். நான் ஒரு கதாபாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதினால் ஐந்து நிமிடத்தில் நூறு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தவறால் யாருடைய நாற்றும் காய்வதில்லை. வேலையும் எளிது: விளம்பரம் போக ஓர் அத்தியாயம் சுமார் 22 நிமிடம். வியாழன்தோறும் வரும் டிஆர்பி பட்டியலை வைத்து எழுதுவது அதைவிட எளிது என்பதால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாடு முழுவதும் 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் பொருத்திய மீட்டர்களில் இருந்து கணிக்கப்படும் எண் அது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்லும், பார்க்கத் தகுந்ததா என்பதைச் சொல்லாது.

எல்லையில் இருப்பவனுக்கு இங்கே ஒரு கைமுதல் உண்டு. நெதர்லாந்தில் 1999-இல் தொடங்கிய நிகழ்ச்சி வடிவம் 2017-இல் கமல்ஹாசனுடன் தமிழிலும் 2018-இல் மோகன்லாலுடன் மலையாளத்திலும் பிக் பாஸாக வந்தது. குமுளியிலும் கம்பத்திலும் ஒரே ரிமோட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. கமல்ஹாசன் தமிழில் தொகுத்து வழங்கிய காலத்தில், அவர் வார இறுதியில் பாடம் நடத்துகிறார், மோகன்லால் சிரித்துக்கொண்டே கண்டிக்கிறார் என்று நான் எழுதியதற்கு வந்த வசவுகளும் இரண்டு மொழியிலும் இருந்தன. இப்படி இரண்டையும் வைத்து எழுதிய பத்திகளைத் தவிர, என் தொலைக்காட்சி எழுத்தில் வேறு எதையும் நான் பெருமையாக எடுத்துக்காட்ட மாட்டேன்.

கேம் விமர்சனத்தில்தான் பயம் அதிகம், காரணம் யாருக்கும் தெரியாது என்பதே. பத்திரிகை டெஸ்க்கில் எழுத்தைத் திருத்துபவர் அதை விளையாடியிருக்க மாட்டார். வாங்க யோசிக்கும் வாசகரும் விளையாடியிருக்க மாட்டார். ஐம்பது மணி நேரம் பிடிக்கும் கேமைப் பத்து மணி நேரத்தில் நிறுத்திவிட்டு முடித்ததுபோல எழுதினால் பிடிபடாமல் தப்பிக்கலாம். அதனால் எத்தனை மணி நேரம் ஆடினேன், எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். தொடக்கத்தில் இந்த விமர்சனங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கபடிப் போட்டி முடிவுக்குப் பக்கத்தில் வந்தன. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் டெஸ்க்கைக் குறை சொல்ல முடியவில்லை.

சட்டச் செய்தியிலும் இதே குழப்பம் தொடர்கிறது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது சீனச் செயலிகள் மீதான நடவடிக்கையின் பகுதி. பணம் வைத்து ஆடும் ரம்மிக்கு எதிரான சட்டங்கள் முற்றிலும் வேறு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்தின் தடையையும் அடுத்த மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்த மாநில அறிவிப்பையும் ரத்து செய்தன. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பண விளையாட்டுகளைத் தடை செய்து, போட்டியாக ஆடும் வீடியோ கேம்களான இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரித்தது. இவ்வளவுக்குப் பிறகும் ரம்மியில் பணம் இழந்தவர் பற்றிய செய்திக்கு, துப்பாக்கி ஏந்திய கேம் வீரனின் படம் வைக்கிறார்கள்.

ஆயினும் மூன்றில் அதிக நிறைவு எனக்கு இதில்தான் கிடைத்திருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டைச் சரியாகப் படித்துச் சமைப்பதே ஆட்டம். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக கேம் விருதையும் பெற்றது. இட்லித் தட்டுகளை அடுக்கும்போது ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்ததன் குழி வராமல் மாற்றி வைத்தால்தான் ஆவி எல்லாவற்றுக்கும் ஏறும் என்பதை அதில் புதிர் ஆக்கியிருக்கிறார்கள். என் அம்மாவிடம் கைபேசியைக் காட்டியபோது அவர் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொன்னார். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் இந்த கேமுக்கு நான் எழுதியதுதான், நான் எழுதியவற்றிலேயே நீளமான விமர்சனம்.

மூன்றில் ஒன்றை விடச் சொன்னால் தொலைக்காட்சியை விடுவேன். அதை எழுதச் சென்னையிலும் கொச்சியிலும் வேண்டிய அளவு ஆள் இருக்கிறார்கள். இரண்டு மொழியையும் சேர்த்து வைக்கும் பத்திக்கு மாதம் ஒருமுறை இடம் கொடுத்தால் போதும். இந்த வேலைக்கு வர விரும்பும் இளைஞர்களிடம் முதல் ஆண்டு அணைச் செய்தியை எழுதச் சொல்கிறேன். கேம் விமர்சனம் அதற்குப் பிறகு. காலை ஏழு மணிக்கு ஒருவர் அழைத்துத் தண்ணீர் எங்கே என்று கேட்டுப் பழகியவர், யாரும் கேட்காத இடத்திலும் ஆடிய மணி நேரத்தைக் குறைக்காமல் எழுதுவார்.