பழைய தண்ணீர்க் குழாயை மாற்றப் போகிறீர்களா? டேப் பிடிக்காமல் சொல்லும் எஸ்டிமேட்டை நம்பாதீர்கள்

சென்னையில் 12 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடியை 1994இல் கட்டினார்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்குவது எல்லாம் அந்தக் காலத்து ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். காலையில் திறந்தால் முதல் வாளி செம்மண் நிறத்தில்தான் வரும். போர்த் தண்ணீரின் உப்பும் துருவும் படிந்து, ஒரு அங்குலக் குழாய்க்குள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவானதும், அசோசியேஷன் பொருளாளர் என்ற முறையில் வேலைக்கு ஆள் பிடித்தது நான்தான். அந்தப் பொறுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த பிளம்பர் டேப்போடு மாடி ஏறி, அரை நாள் அளந்து, 2,30,000 ரூபாய் கேட்டார். எங்களுக்கு அது அநியாயமாகத் தோன்றியது. அடுத்து வந்த கான்ட்ராக்டர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "600 அடி வரும் சார். அடிக்கு 180 ரூபாய். சி.பி.வி.சி., எஸ்.டி.ஆர். 11தான் போடுவோம்" என்றார். சி.பி.வி.சி. என்பது ஒரு வகை பிளாஸ்டிக் குழாய்; எஸ்.டி.ஆர். அதன் சுவர்க் கனத்தைக் காட்டும் எண். ஒரே வரியில் 1,08,000 என்று எழுதிக் கொடுத்தார். நாங்களும் சரி என்றோம்.

ஆறாவது நாள், பாதி வீடுகளுக்குத் தண்ணீர் இல்லாத நிலையில் வேலையை நிறுத்திவிட்டுக் கணக்கை நீட்டினார். 940 அடிக்கு 1,69,200. எல்போ, டீ போன்ற இணைப்புச் சாமான்களும் வால்வும் தனியாக 41,000. சாரம் 22,000. இடிபாடு அள்ள 6,000. இதற்கெல்லாம் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 2,81,076 ரூபாய். குழந்தைகளும் வயதானவர்களும் குடத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது யார் பேரம் பேச முடியும்? 50,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தோம்.

வேலை முடிந்த பிறகு நானும் முதல் மாடிக்காரரும் டேப் எடுத்து அளந்தோம். குழாய் 802 அடிதான் இருந்தது. மீதி 138 அடி எங்கே என்று இரண்டு நாள் குழம்பினோம். அப்புறம் எல்போவையும் டீயையும் ஒவ்வொன்றாக எண்ணினோம். சரியாக 138. ஒவ்வொன்றையும் ஓர் அடி குழாய் என்று கணக்கில் சேர்த்துவிட்டு, அதே சாமானுக்குத் தனியாகவும் பணம் வாங்கியிருக்கிறார். ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது குழாயின் நீளத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசும் கணக்கில், இது பழைய வித்தை என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். இணைப்புச் சாமான் அடி விலைக்குள் வருகிறதா, தனியா என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

குழாயின் மேல் அச்சிட்டிருப்பதையும் அப்போதுதான் படித்தேன். சி.பி.வி.சி. குழாய்க்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 15778 முத்திரை இருந்தது. ஆனால் மாடித் தளத்தில் ஓடும் குழாய் முழுக்க எஸ்.டி.ஆர். 13.5. வெளி விட்டத்தைச் சுவர்க் கனத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த எண். எண் ஏற ஏறக் குழாய் மெலியும். ஒரு அங்குல சி.பி.வி.சி.யின் வெளி விட்டம் 28.6 மில்லிமீட்டர். எஸ்.டி.ஆர். 11 என்றால் சுவர் 2.6 மில்லிமீட்டர் இருக்கும், 13.5 என்றால் 2.1தான். 13.5 ஒன்றும் போலிச் சரக்கு இல்லை. ஆனால் விலை குறைவு, எங்களுக்குச் சொன்னதும் அது இல்லை. லாரியிலிருந்து இறக்கும்போதே யாராவது ஒருவர் நின்று அச்சைப் படித்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருக்கலாம்.

பழைய இரும்பையும் அவர்களே ஏற்றிப் போய்விட்டார்கள். ஒரு அங்குல ஜி.ஐ. குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ. கழற்றியது 240 மீட்டருக்கு மேல். எங்களுடையதில் முக்கால் அங்குலமும் கலந்திருந்தது, துருவில் கொஞ்சம் போயிருக்கும். அப்படிப் பார்த்தாலும் 300 கிலோவுக்குக் குறையாது. பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல காசு கிடைத்திருக்கும். எஸ்டிமேட்டில் அதைக் கழித்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை.

எனக்கு இன்றுவரை ஆறாதது வேறு. புதுக் குழாய் வெளியே மட்டும்தான்; வீட்டுச் சுவருக்குள் ஓடுவது பழைய ஜி.ஐ.தான். இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. முப்பது வருடத் துருவில் இறுகிய மரையை ரெஞ்ச் போட்டுத் திருகினால் சுவருக்குள் இருக்கும் நிப்பிள் (இரண்டு பக்கமும் மரை உள்ள சிறு இணைப்புத் துண்டு) உடையும். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் வீட்டில் அப்படித்தான் உடைந்தது. குளியலறை டைல்ஸை மூன்றடி உயரத்துக்குக் கொத்தினார்கள். பூசித் தரச் சொன்னதற்கு, "அது எஸ்டிமேட்டில் இல்லை சார்" என்று போய்விட்டார்கள். பழைய குழாய் வேலைக்கு விலை பேசும்போது, சுவருக்குள் உடைந்தால் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டேப்போடு வந்தாரே, அந்த முதல் பிளம்பர் தன் தாளில் வீட்டுக்கு ஓர் இணைப்பு உடையும் என்று தொகை போட்டிருந்தார். அதைத்தான் நாங்கள் அநியாயம் என்றோம்.

மாடிக் குழாயை எஸ்.டி.ஆர். 11க்கு மாற்றி, அந்தச் சுவரையும் பூசிக் கொடுத்தால்தான் மீதி 50,000 என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை. வெயிலில் சி.பி.வி.சி. கெட்டுப்போகும் என்பதால் மாடிக் குழாய்க்குப் பெயிண்ட் நாங்களே அடித்துவிட்டோம். அந்த அம்மாவின் குளியலறைச் சுவர் மட்டும் இன்னும் திறந்து கிடக்கிறது. அந்த நிற டைல்ஸ் நான் தேடிய கடை எதிலும் கிடைக்கவில்லை.