டீ, வடை காசில் ஒரு பிக்கப்: 27 மி.மீ. பியசோ தட்டு தேறுமா?

மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு டீ, வடை காசுக்குக் கிடைக்கிற 27 மி.மீ. பியசோ தட்டு, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் வட்டத் தகடு, வீட்டில் செய்த தந்தி வாத்தியத்துக்குப் பிக்கப்பாக (சத்தத்தை மிக்சருக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ அனுப்பும் கருவியாக) தாராளமாகப் போதும். கொட்டாங்குச்சி வயலின், தகர டப்பா கிடார், பலாப்பலகையில் கட்டிய ஒற்றைத் தந்தி எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. "சத்தம் சவசவன்னு இருக்கு" என்று தட்டைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வயரை எந்த இன்புட்டில் செருகினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது "பஸ்ஸர்" என்று கேட்காதீர்கள். உள்ளேயே சர்க்யூட் வைத்த கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். பேட்டரி கொடுத்தால் கீச்சென்று கத்தும், பிக்கப்புக்கு ஆகாது. வெறும் பித்தளை வட்டம், அதன்மேல் வெள்ளிப்பூச்சோடு பீங்கான், அதுதான் வேண்டும். மூன்று வயர் வந்தால், பீங்கானில் நாக்கு மாதிரி தனியாக இருக்கும் சின்னத் துண்டின் வயரை வெட்டிவிடலாம். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) பாருங்கள்: 20 நானோஃபாரட் சுற்றி வரும். பாதிக்கும் கீழே காட்டினால் பீங்கான் விரிசல் விட்டிருக்கும். நாலைந்தாக வாங்குவது நல்லது, ஒட்டும்போது ஒன்றாவது உடையும்.

பெரிய குறை, கூடவே வரும் வயர். தலைமுடி கனத்தில் சிவப்பும் கறுப்பும். இரண்டு தடவை மடக்கினால் பற்றவைத்த இடத்தில் பிய்ந்துவிடும். கழற்றிவிட்டு ஷீல்டு வயர் போடுங்கள். பித்தளை ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, 25 வாட் சால்டரிங் அயர்னில் ஓரிரு நொடியில் முடிக்க வேண்டும். பீங்கானில் சூடு தங்கினால் வெள்ளிப்பூச்சு உரிந்து வரும். நடுக்கம்பி பீங்கானுக்கு, வலைக்கம்பி பித்தளைக்கு. மாற்றிப் போட்டால் அத்தனை பெரிய பித்தளையும் ஆன்டெனாவாகி 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை இழுக்கும்.

பலகை வாத்தியத்தில் குதிரைக்கு (தந்தியைத் தாங்கும் கட்டைக்கு) அருகே, பலகையின் உள்பக்கம், பித்தளை முகம் மரத்தில் படிய ஒட்டுங்கள். குதிரைக் காலுக்கு நேர் கீழே நசுக்கி வைத்தால் பீங்கான் உடையும். கொட்டாங்குச்சி வயலினில் தோல்மேல் ஒட்டாதீர்கள், தட்டின் கனமே அதிர்வை அமுக்கிவிடும். கொட்டாங்குச்சியைத் துளைத்துப் போகிற மூங்கில் குச்சியைச் சீவிச் சமமாக்கி அதில் ஒட்டலாம். குச்சி மெலிதென்றால் 15 மி.மீ. தட்டு. முதலில் மெல்லிய இருபக்க டேப்பில் இடம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, பிறகு அரால்டைட். பஞ்சு டேப் மேல்சுரத்தை விழுங்கும். ஹாட் குளூ, சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் இளகிவிடும்.

இனி இன்புட். பியசோ, மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர். 20 நானோஃபாரடை 10 கிலோ ஓம் தடை உள்ள மிக்சர் லைன் இன்புட்டில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். ஒரு கட்டை சட்ஜமே ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ்! மிச்சம் கேட்பது தந்தியின் சிணுங்கல் மட்டும். மைக் செட்காரரின் மைக் இன்புட் இன்னும் மோசம், அது டைனமிக் மைக்குக்கானது, தடை இன்னும் குறைவு. அதே தட்டு 1 மெகா ஓம் கிடார் இன்புட்டில் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

ஆகவே தட்டோடு ஒரு பஃபரும் (தட்டுக்கும் மிக்சருக்கும் நடுவே நின்று, தட்டுக்குப் பெரிய தடையைக் காட்டும் சின்ன சர்க்யூட்) சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். டி.எல்.071 ஆப்-ஆம்ப் ஐ.சி., 9 வோல்ட் பேட்டரி, பாதி வோல்டேஜ் எடுக்க இரண்டு 10 கிலோ ஓம், அங்கிருந்து ஐ.சி.யின் ப்ளஸ் இன்புட்டுக்கு 2.2 மெகா ஓம், தட்டிலிருந்து அதே இன்புட்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட், வெளியே 10 மைக்ரோஃபாரட். அவுட்புட்டை மைனஸ் இன்புட்டோடு நேராகச் சேருங்கள். பாதி வோல்டேஜ் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இன்னொரு 10 மைக்ரோஃபாரட் போட்டால் இரைச்சல் குறையும்.

சத்தம் கீச்சென்று குத்தினால், அது தட்டின் சொந்த அதிர்வு. வெறும் தட்டுக்கு அது 4 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் வரும். பீங்கான் முதுகில் ஒரு சொட்டு சிலிக்கோன் பசை வைத்தால் மட்டுப்படும். இரண்டு தட்டு வைக்கிறவர்கள், ஒன்றில் வயர் மாறிப்போனால் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதைக் கவனிக்கவும். ஜாக்கை ஸ்டீரியோவாக வாங்கி, பேட்டரி மைனஸை நடு வளையத்துக்குக் கொடுங்கள். மோனோ பின்னை உருவியதும் பேட்டரி தானே அணைந்துவிடும்.