சிவனொளிபாத மலை: நல்லதண்ணி வழியா, இரத்தினபுரி வழியா?

இலங்கையில் பாதத் தடத்தை வணங்க யாத்திரிகர்கள் ஏறும் மலை இது. ஒரே நாளில் ஏறி இறங்கித் திரும்ப வேண்டுமானால் நல்லதண்ணி வழிதான். கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டன், அங்கிருந்து மஸ்கெலியா ஊடாக அடிவார ஊரான நல்லதண்ணிக்கு பஸ். அடிவாரத்தில் நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் புறப்பட்டால், 2,243 மீட்டர் உச்சியில் சூரிய உதயத்தைப் பார்த்துவிட்டு, முற்பகலிலேயே கீழே வந்துவிடலாம். படிகள் 5,000க்கும் மேல். ஆனால் யாத்திரைக் காலமான டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை வழியெங்கும் விளக்கு, தேநீர்க் கடை, கூடவே ஏறும் பாட்டிமார், கைக்குழந்தைகள். அந்தக் கூட்டமே பாதித் துணை.

பௌர்ணமியையும் வார இறுதியையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். உச்சிக்கு அருகே வரிசை நகராமல் நின்று, உதயம் படிக்கட்டிலேயே முடிந்துவிடும்.

இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலயிலிருந்து ஏறும் பாதை பழமையானது, மிக நீளமானது. காடு அடர்த்தி, ஆள் குறைவு, மழை பெய்தால் அட்டைகள். தனிமையில் வணங்கி ஏற விரும்புவோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இதற்கு ஓர் இரவும் பகலும் முழுதாக வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் இறங்குவதற்குக்கூட இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எந்த வழியானாலும் கம்பளி உடையும் டார்ச்சும் அவசியம். உச்சியில் காற்று கடுமையாகக் குளிரும். பாதத் தடம் உள்ள மண்டபத்துக்குள் செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும். தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள்.