ரிப்பன் ஈலா, ஸ்நோஃப்ளேக் ஈலா?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க, பாம்பு போல நீண்ட இந்த இரண்டு ஈல் (விலாங்கு) மீன்களில் எதை வாங்கலாம்? அழகுப் போட்டி வைத்தால் ஸ்நோஃப்ளேக் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். மணலிலிருந்து தலையை மட்டும் நீட்டி, இலை போல விரிந்த மூக்குத் துளைகளோடு அசைந்தாடும் ரிப்பன் ஈலைக் கடையில் ஒருமுறை பார்த்தவர் வேறெதற்கும் விலை கேட்கமாட்டார். இளசில் கறுப்பு, வளர்ந்த ஆணுக்கு நீல உடலும் மஞ்சள் துடுப்பும். பிறகு அதே ஆண் பெண்ணாக மாறும். அப்போது மேனி மஞ்சளாகிவிடும். ஸ்நோஃப்ளேக்கோ வெளிறிய உடலில் கறுப்புத் திட்டுகளும் மஞ்சள் பொட்டுகளுமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டுமே அஞ்சாலைக் குடும்பம். செதில் கிடையாது, வழவழவென்றிருக்கும். ஓயாமல் வாயைத் திறந்து மூடுவது மூச்சுக்காக. மிரட்டலென்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வாழிடத்தில்தான் விஷயம் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இரண்டும் உண்டு. ஆனால் ரிப்பன் ஈல், பவளத்திட்டை ஒட்டிய மணலிலும் சிதைந்த பவளக் குவியலிலும் வளை பிடித்து, பக்கத்தில் வரும் சிறு மீனைக் கவ்விப் பிழைப்பது. ஸ்நோஃப்ளேக் ஆழமில்லாத திட்டில் பாறை இடுக்குகளைத் துழாவி நண்டு தேடுவது. நண்டின் ஓட்டை நொறுக்க மழுங்கிய பற்கள் அதற்கு. நீர் வற்றினால் கரையேறியும் பிடிக்கும். பெரும்பாலான மீன்களுக்கு இரையை உள்ளிழுக்கத் தண்ணீர் வேண்டும். ஸ்நோஃப்ளேக்குக்கோ தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை முன்னே பாய்ந்து வந்து இரையை இழுத்துக்கொள்கிறது. தரையில் வைத்தே விழுங்க முடியும் என்பதை 2021இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு காட்டியது.

இந்தப் பிழைப்புக் குணம்தான் தொட்டியிலும் தீர்ப்பு எழுதுகிறது. இடுக்கியில் இறால் துண்டை நீட்டினால் ஸ்நோஃப்ளேக் மோப்பம் பிடித்து வரும்; கண் மந்தம், சில நேரம் இடுக்கியையே கடிக்கும். ரிப்பன் ஈல்களில் பெரும்பாலானவை செத்த தீனியைத் தொடுவதே இல்லை. பட்டினியில் மெலிந்து மடிகின்றன. காசு இருக்கிறதே என்பதற்காக அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்நோஃப்ளேக்கிலும் தொல்லை உண்டு. நண்டும் இறாலும் கூட இருந்தால் இரையாகிவிடும். மூடியில் குழாய் நுழையும் ஓட்டையைப் பஞ்சால் அடைக்க ஒருநாள் மறந்தேன். காலையில் சோபாவுக்கு அடியில் தூசி அப்பி, வாயைத் திறந்து மூடியபடி கிடந்தது. ஈரத் துணியில் அள்ளித் தொட்டியில் விட்டேன். மாலையில் வழக்கம்போல இறாலுக்கு வந்து நின்றது.