பால் பேரிங் என்று சொல்லி விற்ற டேர்போ: மட்டக்களப்பு, அம்பாறைக் கார்க்காரர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகும் வீதியில் உள்ள ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிப் பவரைக் கூட்டும் கருவி) எடுக்கும் யோசனையில் இருப்பவர்கள், காசு கொடுக்க முன் இதை வாசித்துவிடுங்கள். பால் பேரிங், அதாவது ஷாஃப்ட் சிறு குண்டுகள் மேல் சுற்றும் வகை என்று சொல்லி எனக்கு வேறு வகையை விற்றார்கள், அதற்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை கடையின் பெயரைப் போடுவது சரியில்லை. ஆனால் எனக்கு விற்ற அதே பெட்டிகள் இன்னும் அந்த அலுமாரியில் அடுக்கியிருக்கின்றன. அதனால்தான் சாமானைப் பற்றியாவது இப்போதே எழுதுகிறேன்.

என்னுடையது டொயோட்டா 86. முதல் தலைமுறைக் கார், 2012இல் வெளிவந்த வகை. உள்ளே இருப்பது சுபாருவின் எஃப்ஏ20 எஞ்சின், 1998 சிசி, 200 குதிரைவலு, டேர்போ கிடையாது. வளைவில் இந்தக் கார் போல ஒட்டிக்கொண்டு போகிற கார் இந்த விலைக்குள் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஓட்டியவர்களுக்குத் தெரியும், 3500 முதல் 4500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் தடவை) வரை இழுவை கொஞ்சம் படுத்துவிடும். செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் ஏறும்போது ஒரு லொறியை முந்தப் போனால் சரியாக அந்த இடத்தில்தான் கை விடும். அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. கடைக்காரரிடம் சொன்னதும் இதைத்தான்.

அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எஞ்சினின் கம்ப்ரஷன் என்ன, என்ன பெற்றோல் அடிக்கிறீர்கள், எங்கே ரியூன் பண்ணப் போகிறீர்கள், எதுவும் இல்லை. நேராகப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். “தம்பி, சுப்பர்சார்ஜர் எல்லாம் பெல்ட்டுலேயே பவரத் தின்னும். டேர்போதான் சரி. இது ஒறிஜினல் காரெட், ஜிடி2860ஆர், பால் பேரிங். கண்ண மூடிக்கிட்டுப் பூட்டுங்க.”

சுப்பர்சார்ஜரைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. அது எஞ்சினின் கிராங்கிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுவது, ஆகவே கொஞ்சப் பவரை அது எடுக்கத்தான் செய்யும். டேர்போ வீணாகப் போகும் புகையில் சுற்றுகிறது. அவர் சொல்லாமல் விட்ட மற்றப் பாதிதான் என்னைப் போன்ற ஆளுக்கு முக்கியம். ஈட்டன் வகை ரோட்டர் உள்ள சுப்பர்சார்ஜர் குறைந்த ஆர்பிஎம்மிலேயே காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். 86இன் பள்ளம் வருமுன்னே அது வேலையைத் தொடங்கியிருக்கும். ரோட்ரெக்ஸ் மாதிரியான சென்ட்ரிஃபியூகல் வகையில் பூஸ்ட் (உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறும், கீழே பெரிய வித்தியாசம் தெரியாது. டேர்போ என்றால் அளவு சிறியதாக இருக்க வேண்டும். பெரியதைப் போட்டால் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஆட்டோவும் மாடும் சனமும் நிறைந்த இந்த வீதியில் அது முழித்துக்கொள்ளும் ஆர்பிஎம்முக்கு நீங்கள் போகவே மாட்டீர்கள். ஊர்களுக்குள் வேக எல்லையே 50தான்.

இன்னொன்று, இந்த எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே இருப்பதை அழுத்தும் அளவு, 12.5க்கு 1. இதே குடும்பத்து எஞ்சினை சுபாரு தானே டேர்போ போட்டு டபிள்யூஆர்எக்ஸ் காரில் விட்டபோது கம்ப்ரஷனை 10.6க்கு இறக்கியது. கம்பெனியிலிருந்தே டேர்போவோடு வந்த லான்சர் எவோவின் 4ஜி63 எஞ்சினில் அது 8.8 அளவில்தான் இருந்தது. கம்ப்ரஷன் கூடிய எஞ்சினுக்குள் பூஸ்ட்டையும் சேர்த்துத் தள்ளினால், பெற்றோல் பிளக் பற்றவைக்கும் ஒழுங்கில் எரியாமல் தன்பாட்டில் வெடிக்கும். அந்தத் தட்டல்தான் பிஸ்டனை உடைக்கிறது. ஆகவே 86க்கு டேர்போவோ சுப்பர்சார்ஜரோ எது போட்டாலும் பூஸ்ட் குறைவாக இருக்க வேண்டும், 95 பெற்றோல்தான் அடிக்க வேண்டும், ஈசியு (எஞ்சினின் கம்பியூட்டர்) அதற்கேற்ப ரியூன் ஆக வேண்டும். நம் பக்கத்தில் எல்லா நிரப்பு நிலையத்திலும் 95 இருப்பதில்லை. விற்கிறவர் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறையக் கொடுத்தேன். பூட்டியவர் ஆரையம்பதிப் பக்கத்து கராஜ் பாஸ். பழைய கை, பொறுமையான மனிசன். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காரெட்டில் நம்பருக்குப் பின்னால் ஆர் என்று வந்தால் பால் பேரிங் என்று பொருள். பால் பேரிங் டேர்போவுக்கு ஒயில் கொஞ்சமாகத்தான் போக வேண்டும், கூடினால் சீல் தாண்டிக் கசியும். அதனால் ஒயில் லைனில் சுமார் 1 மில்லிமீற்றர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுவது வழக்கம். பாஸ் டேர்போவின் பிளேட்டில் இருந்த நம்பரைப் பார்த்தார், அப்படியே போட்டார். அப்புறம் கொழும்பில் டைனோவில் (பவரை அளக்கும் மெஷினில்) ஏற்றி, பூஸ்ட்டை அடக்கி ரியூன் பண்ணினோம். கார் அருமையாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் வெலிக்கந்தை தாண்டியதும் சத்தம் தொடங்கியது. அம்புலன்ஸ் தூரத்தில் வருவது போன்ற ஒரு ஊளை, அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடியது. வாழைச்சேனை வரும்போது சைலன்சரில் நீலப்புகை. அதற்கு மேல் மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பாஸ் கழற்றினார். காற்றைத் தள்ளும் கொம்ப்ரசர் வீலின் இதழ் நுனிகள் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) தேய்ந்து மினுமினுத்தன. டேர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் பைப்பை சரித்தால் கறுத்த ஒயில் வழிந்தது, அதில் அலுமினியத் தூள். நடுப்பகுதியைத் திறந்து உள்ளே இருந்ததைத் தட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மோதிரம் அளவில் இரண்டு வெண்கலப் புஷ், ஒரு பக்கம் நீலம் பாரித்துக் கருகியிருந்தது. “மகன், இதுக்குள்ள எங்க பால் பேரிங்?” என்றார். ஒரு குண்டுகூட இல்லை.

அது சாதாரண ஜேர்னல் பேரிங் டேர்போ. அந்தப் புஷ்களுக்குள் ஷாஃப்ட் ஒயில் படலத்தில் மிதந்துதான் சுற்றும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல். அதற்கு ஒயில் தாராளமாக வேண்டும், ரெஸ்ட்ரிக்டர் போடக்கூடாது. பிளேட்டில் பொய் நம்பர் அடித்ததால் சரியான வேலைதான் அதைக் கொன்றது. மலிவான கொப்பி என்று உண்மையைச் சொல்லி விற்றிருந்தால்கூட இப்படி ஆகியிருக்காது. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். தூள் எஞ்சினுக்குள் போகாமல் இன்டர்கூலரோடு நின்றது கடவுள் புண்ணியம்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் “ஒயில் இல்லாம ஓட்டியிருக்கீங்க” என்றார். டிப்ஸ்டிக்கைப் பார்க்க வாங்க என்றதும் “பூட்டின ஆள்ல பிழை” என்றார். புஷ்களை மேசையில் வைத்ததும் “கொழும்புல இருந்து வந்த சாமான், எங்களுக்கு என்ன தெரியும்” என்றார். பில்லில் “டேர்போ 1” என்று மட்டும் எழுதியிருந்ததைக் காட்டி, பால் பேரிங் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். இந்தப் பேச்சு அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஆகவே எங்கே வாங்கினாலும், கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும்கூட, பில்லில் முழு நம்பரையும், பால் பேரிங் என்பதையும், புதியதா பாவித்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பிளேட்டில் உள்ள சீரியல் நம்பரைக் காசு கொடுக்க முன் படம் எடுத்து, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். கடையில் வைத்தே ஷாஃப்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். காய்ந்த ஜேர்னல் பேரிங் கையில் தெரியும்படி லேசாக ஆடும், அது அதன் இயல்பு. பால் பேரிங் பொதுவாக அவ்வளவு ஆடாது, ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முன்னும் பின்னும் இழுக்கும்போது கையில் தெரியும்படி ஆடினால் எந்த வகையாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். “அடுத்த கிழமை வாங்க, பாப்பம்” என்று கடைக்காரர் இழுப்பது எதற்கு என்று இப்போது எனக்கு விளங்குகிறது. இழுபட்டுவிடாதீர்கள். பழுதான சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடவும் வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அந்தக் கடையில் எடுத்த டேர்போவை ஏற்கனவே பூட்டி ஓடிக்கொண்டிருக்கும் தம்பிமார் அம்பாறைப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஆறியதும் டேர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, வீல் ஹவுசிங்கில் உரசிய அடையாளம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் லைனில் ரெஸ்ட்ரிக்டர் போட்டிருக்கிறதா என்று பூட்டியவரிடம் கேளுங்கள். போட்டிருந்தால், உள்ளே இருப்பது எந்த பேரிங் என்று திறந்து பார்த்து உறுதியாகும்வரை காரை எடுக்காதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு புஷ்களின் படமும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.