கணினி கேபினட்டில் ஃபேன் வைக்க எங்கே வெட்டலாம்: மேலேயா, பக்கவாட்டிலா?

கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது, இன்னொரு ஃபேன் மாட்ட கேபினட்டில் இடமில்லை, தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கு இது. வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். நன்றாக இறங்கினால் உள்ளே புதுக் காற்று போதவில்லை என்று பொருள். இறங்கவே இல்லையென்றால் கோளாறு தெர்மல் பேஸ்டிலோ (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) ஹீட்சிங்கில் (சூட்டை வெளிவிடும் உலோகத் துடுப்புகள்) அடைந்த தூசியிலோ இருக்கலாம், அதை முதலில் கவனியுங்கள்.

எனக்கு இறங்கியது. பக்கத் தகட்டை வெட்டி, காற்றை உள்ளே தள்ளும்படி 120 மி.மீ. ஃபேன் ஒன்றை கிராபிக்ஸ் கார்டுக்கு நேராக மாட்டினேன். அதற்கு முன் வேறொரு பழைய கேபினட்டில் மேல் தகட்டை வெட்டி, காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் வைத்ததும் உண்டு. இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு பக்கவாட்டுக்கே.

மேலே வைக்கச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், சூடான காற்று மேலேதான் போகும் என்பது. உண்மைதான், ஆனால் ஃபேன்கள் சுழலும் ஒரு பெட்டிக்குள் அந்த இயல்பான ஏற்றம் மிகவும் பலவீனமானது, ஃபேன் தள்ளும் திசையில்தான் காற்று போகும். முன்பக்கம் ஏற்கெனவே நல்ல காற்று வந்துகொண்டிருந்தால் மேல் ஃபேன் உதவும், மறுக்கவில்லை. வெட்டும் வேலைதான் பெரிய பாடு. மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும், ஏனென்றால் வெட்டும்போது தெறிக்கும் உலோகத் துருவல் மின்சாரம் கடத்தும், ஒரு துணுக்கு போர்டில் ஒட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும். பக்கத் தகடு என்றால் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, தகட்டை மட்டும் வேறு இடத்துக்கு எடுத்துப்போய் வெட்டலாம், கணினியைத் தொடவே வேண்டாம்.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது தூசிதான். ஃபேன் மாட்டுவது ஒரு நாள் வேலை, தூசி துடைப்பது கணினி இருக்கும்வரை உள்ள வேலை. வெளியே இழுக்கும் ஃபேன்கள் பலமாகிவிட்டால், போகும் காற்றை ஈடுகட்ட ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் காற்று உள்ளே வரும்: தகடுகளின் விளிம்பு, பின்பக்க ஸ்லாட் மூடிகள், யுஎஸ்பி போர்ட் ஓரங்கள். அங்கெல்லாம் ஃபில்ட்டர் போட முடியுமா? உள்ளே தள்ளும் ஃபேன்கள் பலமாக இருந்தால் இது தலைகீழாகும், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேறும், உள்ளே வருவதில் பெரும்பகுதி ஃபில்ட்டர் வழியாகத்தான் வரும். பக்கத் தகடு இரும்பு என்றால் காந்த விளிம்புள்ள ஃபில்ட்டரை வெளியிலிருந்தே ஒட்டிவிடலாம். உருவி எடுத்து, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துத் திரும்ப ஒட்டினால் முடிந்தது, கேபினட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. (அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது, அங்கே ஃபில்ட்டரை ஸ்குரூவால் பிடிக்க வேண்டும்.) ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஃபில்ட்டரே காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அடைத்துக்கொண்டால் கிடைத்த பலன் எல்லாம் போய்விடும். மேல் ஃபேனில் இன்னொரு தொல்லை, கணினி ஓடாத நேரத்தில் அந்தத் திறப்பு வழியாகத் தூசி நேராக உள்ளே விழும்.

பக்கவாட்டிலும் குறை உண்டு. தகட்டைத் திறக்கும்போதெல்லாம் ஃபேன் வயர் இழுபடும், அதனால் ஒரு நீட்டிப்பு வயர் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் இணைப்பை வையுங்கள். ஃபேன் 25 மி.மீ. தடிமன், உயரமான சிபியு கூலர் (பிராசஸரின் மேல் இருக்கும் குளிர்விப்பான்) இருந்தால் இடிக்கும், அளந்துவிட்டு வெட்டுங்கள். சத்தமும் கொஞ்சம் நேராகக் கேட்கும், குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் பெரிதாகத் தெரியாது. 140 மி.மீ. ஃபேனை நான் பக்கவாட்டில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அது இன்னும் அமைதியாக இருக்குமா என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

வெட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். 120 மி.மீ. ஃபேனுக்கு ஸ்குரூ துளைகள் 105 மி.மீ. இடைவெளியில் வரும், நடு ஓட்டை 115 மி.மீ. அளவில் இருந்தால் சரி. மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறித்துவிட்டு, ஹோல் சாவோ (வட்டமாக ஓட்டை போடும் ரம்பம்) மெல்லிய பல் பிளேடு போட்ட ஜிக்சாவோ (மின்சாரத்தில் ஓடும் சிறு ரம்பம்) கொண்டு வெட்டுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு ஏறாமல் இருக்க ப்ரைமர் பூசுங்கள். பின்னால் கேபினட்டை விற்கும் எண்ணம் இருந்தால் இரண்டு வழியுமே விலையைக் குறைக்கும், ஆனால் மாற்றுப் பக்கத் தகடு சில மாடல்களுக்குத் தனியாகவே கிடைக்கும், மேல் தகட்டுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

பக்கத் தகடு டெம்பர்ட் கண்ணாடியாக இருந்தால் பேச்சே இல்லை, அதில் துளை போட்டால் தூள்தூளாக உடைந்துவிடும். அப்போது மேலேதான் வெட்ட வேண்டும், அதையும் பின்பக்க ஓரமாகத் தள்ளி வெட்டுங்கள். முன்பக்க ஓரமாக வைத்தால், உள்ளே வரும் குளிர்ந்த காற்றை சிபியு கூலருக்குப் போய்ச் சேரும் முன்பே அது வெளியே இழுத்துவிடும்.